துரையின் இடது கை

சிங்காநல்லூர்
8 பிப்ரவரி 2025

அன்புள்ள பிரவீனாவுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நலம். நீயும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் நலமாக இருக்க மருதமலையானை வேண்டிக்கொள்கிறேன்.

மருத்துவர் உன்னைப் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று சொன்னதையும், உன் அம்மா போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டியதையும் மதன் சொன்னான். ரத்த அழுத்தம் ஏறியவளுக்குப் போன் ஆகாது என்று அவர் நினைப்பதில் தவறில்லை. எனக்கும் போனில் பேச வராது. நாலு வார்த்தைக்குள் "சரி அம்மணி, வெச்சிரட்டுமா" என்று வந்துவிடும். அதனால் மதன் சனிக்கிழமை காரமடைக்கு மாமியார் வீட்டுக்குக் கிளம்பும்போது அவன் கையில் கடிதம் கொடுத்தனுப்பலாம் என்று தோன்றியது. தொந்தரவாக இருந்தால் பதில் எழுத வேண்டாம்.

நீ என்னிடம் விட்டுப்போன பச்சோந்திக் குட்டியை நீ சொன்னபடியே பார்த்துக்கொள்கிறேன். நீ ஏன் அவனுக்குத் துரை என்று பெயர் வைத்தாய் என்பது இப்போது புரிகிறது. ஒரு கண்ணால் பூச்சியையும் மறு கண்ணால் என்னையும் பார்க்கிறான். என்னைப் பார்க்கும் கண்ணில் மரியாதை இல்லை.

ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். கரண்ட் ஏறி இறங்கியதில் கூண்டின் மேல் நீ மாட்டிவைத்த விசேஷ டியூப் போய்விட்டது. உக்கடத்தில் துரைக்குப் பூச்சி வாங்கும் கடை ரசாக்கிடம் சொன்னேன். "பெங்களூர்ல இருந்து வரணுமுங்க சார். வந்ததும் நானே கொண்டாந்து மாட்டித் தரேன், நீங்க வெசனப்படாதீங்க" என்றார். அதுவரைக்கும் சாதாரண டியூப் போட்டிருக்கிறேன். பழையதைவிட வெளிச்சம் அதிகம். அது போதும் என்று நினைக்கிறேன். தவறென்றால் சொல்.

இன்னொன்றும் எழுத நினைத்தேன். அது அவ்வளவு முக்கியமில்லை.

இப்படிக்கு,
மாமா கந்தப்பன்


காரமடை
9 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் தொந்தரவா? விட்டத்தில் எத்தனை பல்லி என்று எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன். வாரம் இரண்டு எழுதினாலும் படிப்பேன்.

சாதாரண டியூப் போதாது, மாமா. அது நாம் பார்ப்பதற்கான வெளிச்சம். துரைக்கு வேண்டியது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். அது மேலே பட்டால்தான் தின்கிற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். அவன் வளர்கிற வயசுக் குட்டி. கதிர் கிடைக்காவிட்டால் உடம்பு எலும்பிலிருந்தே சத்தை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். எலும்பு ரப்பராகிவிடும். இந்த ஒரு வியாதியை நினைத்துத்தான் எனக்கு முதலிலிருந்தே பயம்.

ரசாக் அண்ணன் டியூப் கொண்டுவரும்வரை தினமும் காலை ஒன்பது மணிக்குள் வலைக் கூண்டோடு மொட்டை மாடியில் வெயிலில் வையுங்கள். பாதிக் கூண்டு செடி நிழலில் இருக்கட்டும், சூடேறினால் அவனே நகர்ந்துகொள்வான். பூச்சியை வெள்ளை டப்பா பவுடரில் புரட்டிப் போடுங்கள். சிவப்பு மூடி டப்பா வைட்டமின், அது மாதம் இரண்டு தடவைதான். மறந்தும் அதற்கு மேல் போடாதீர்கள்.

நான் எழுதுவதைப் பார்த்து அம்மா, "வவுத்துல புள்ளைய வெச்சுட்டு ஓணானுக்குக் கடுதாசி எழுதறவ இந்தக் காரமடையிலயே நீ ஒருத்திதாண்டி" என்கிறாள்.

முக்கியமில்லை என்று நீங்கள் விட்டது எது?

பிரவீனா


சிங்காநல்லூர்
22 பிப்ரவரி 2025

அன்புள்ள பிரவீனாவுக்கு,

போன வாரம் எழுத முடியவில்லை. மன்னித்துக்கொள்.

நீ சொன்னபடியே செய்கிறேன். காலையில் காபி குடித்ததும் கூண்டை மாடிக்குத் தூக்கிப் போகிறேன். செம்பருத்தித் தொட்டியின் நிழல் பாதிக் கூண்டில் விழும்படி வைக்கிறேன். அவனுக்கு எந்த ஆபத்தும் அண்டாதபடி எல்லா ஏற்பாடும் செய்திருக்கிறேன். அதைப் பற்றி நீ யோசிக்கவே வேண்டாம். பவுடரும் அளவோடுதான்.

பக்கத்து வீட்டுக் கதிர்வேல் அவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்கய்யா, பச்சோந்தி வளர்த்தா பாரஸ்ட்காரங்க புடிச்சுட்டுப் போயிருவாங்களாமா? உங்களையுமா, அதை மட்டுமா?" என்று கேட்டார். இது நம் காட்டுப் பச்சோந்தி இல்லை, வெளிநாட்டு இனம், பிரவீனா முறையாகப் பதிவு செய்து வளர்க்கிறாள் என்று விளக்கினேன். அவர் விளையாட்டுக்குத்தான் கேட்டார். இருந்தாலும் பதிவுத் தாளின் நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் இப்போதெல்லாம் மாடி ஏறுகிறேன்.

துரை நன்றாக இருக்கிறான். கொஞ்சம் சோம்பலாகத் தெரிகிறான். மாசி வெயில் காரணமாக இருக்கலாம். என் கண்ணின் குறையாகவும் இருக்கலாம்.

ரசாக்கின் டியூப் இன்னும் வரவில்லை. நீ ரத்த அழுத்தத்தைக் கவனித்துக்கொள்.

மாமா


காரமடை
23 பிப்ரவரி 2025

மாமா,

சோம்பல் என்றால் என்ன சோம்பல்?

நீங்கள் மில்லில் நூல் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர். "நூல் கொஞ்சம் சோம்பலாக இருக்கிறது" என்று ரிப்போர்ட் எழுதியிருப்பீர்களா? எனக்கும் அதே மாதிரி எழுதுங்கள். நாக்கை நீட்டிப் பூச்சியை அடிக்கிறானா, இல்லை பாதியில் தொங்கவிடுகிறானா? நடக்கும்போது உடம்பைத் தூக்கி நடக்கிறானா, முழங்கையை ஊன்றி இழுக்கிறானா? முன்கை நேராக இருக்கிறதா, வில் மாதிரி வளைகிறதா? கிளையைப் பிடிக்கும்போது நடுக்கம் உண்டா? கீழ்த்தாடையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் கோடு நேராக இருக்கிறதா?

இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் எனக்குத் தெரிய வேண்டும். இந்த வியாதியில் முதல் வாரமும் மூன்றாம் வாரமும் ஒன்றல்ல. பிந்தினால் உயிரைக் கொண்டுபோய்விடும்.

ஒரு போட்டோ எடுத்து மதனிடம் அனுப்புங்கள். பக்கவாட்டில், முன்கை தெரிகிற மாதிரி.

பிரவீனா


சிங்காநல்லூர்
1 மார்ச் 2025

அன்புள்ள பிரவீனாவுக்கு,

போட்டோவை மதன் அவனுடைய போனில் காட்டுவான். துரை நலம். உன் கேள்விகளுக்கு அடுத்த முறை விரிவாக எழுதுகிறேன். இன்று கொஞ்சம் தலைவலி.

உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

மாமா


காரமடை
2 மார்ச் 2025

மாமா,

உங்கள் மகன் நேற்று காட்டிய போட்டோவில் கூண்டுக்கு மேலே விசேஷ டியூப் எரிகிறது. அது போய் ஒரு மாதமாகிறது. துரையின் தலைக் கொண்டையும் சின்னதாக இருக்கிறது. அது பொங்கலுக்கு நானே எடுத்த போட்டோ.

அவரிடம் "அழகா இருக்கான்" என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவரும் நிம்மதியாகப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். சாயங்காலம் நர்ஸம்மா வந்து பார்த்தபோது பிரஷர் நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. எனக்கு ஒரு கெட்ட செய்தியும் வராத நாள், மாமா, நேற்று.

உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இது அக்கறை. இங்கே மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்தால் வேறு மாதிரி. அவன் கை வளைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறேன். பிறகு செத்துவிட்டான் என்று நினைத்துக்கொள்கிறேன். புதைத்துவிட்டு எனக்குப் பழைய படம் காட்டுகிறீர்கள் என்றும் நினைத்துவிட்டேன்.

இருக்கிறானா, இல்லையா? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

பிரவீனா


சிங்காநல்லூர்
5 மார்ச் 2025

அன்புள்ள பிரவீனாவுக்கு,

துரை உயிரோடு இருக்கிறான். அதை முதலில் எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தை மதனிடமும் கொடுத்தேன். படித்துவிட்டு, "டியூப்பைக் கவனிச்சிருக்காப்பா" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். அவனைக் கோபிக்காதே. இருவரும் பேசித்தான் செய்தோம். பிள்ளைத்தாய்ச்சியிடம் கெட்ட சேதி சொல்வதில்லை என்பது இந்த வீட்டு வழக்கம். அது நல்ல வழக்கம் என்றுதான் நான் இதுவரை நம்பியிருந்தேன்.

இனி நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். நான் முதல் கடிதத்தில் முக்கியமில்லை என்று விட்டது நடுக்கம். கிளையைப் பிடிக்கக் கையை நீட்டும்போது விரல்கள் நடுங்கின. வயதானவன் கண்ணுக்கு எல்லாமே நடுங்கித் தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு இடது முன்கை வளைந்தது. வலது கையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சந்தேகமில்லை. நாக்கு பாதி தூரம் வந்து தொங்கிவிடுகிறது, உள்ளே இழுத்துக்கொள்ளச் சிரமப்படுகிறான். அதனால் பூச்சியை இடுக்கியில் பிடித்து வாயருகே நீட்டுகிறேன். போன வாரம் கிளையில் இல்லை. கூண்டின் தரையில் கிடந்தான். பயத்தில் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். உடம்பு கறுத்து, வாயைத் திறந்து சீறினான். அப்படித் தூக்கினால் விலா எலும்பு முறியும் என்று எனக்கு அப்போது தெரியாது.

திங்கட்கிழமை இங்கே நம் கோவை ராமநாதபுரத்தில் டாக்டர் ரிஃபத் என்பவரிடம் கொண்டுபோனேன். ஊர்வனவற்றைப் பார்ப்பவர் என்று ரசாக் சொல்லி அனுப்பினார். எக்ஸ்ரே எடுத்தார். விளக்குக்கு முன்னால் பிடித்து, "இங்க பாருங்கய்யா. எலும்பு இருக்க வேண்டிய எடத்துல நெழல்தான் இருக்குது" என்றார். பென்சிலால் வரைந்துவிட்டு ரப்பரால் அழித்த கோடு எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவன் இடது கை.

"பொழைப்பானுங்களா?" என்று கேட்டேன்.

"தாடை இன்னும் கெட்டியா இருக்குதுங்க. அது எளகிப்போச்சுன்னா திங்க முடியாது. அப்பறம் நாம ஒரு முடிவுக்கு வரணும்."

வலியில்லாமல் முடித்துவைக்கும் ஊசியைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

"வெயில் காட்டறீங்களா?" என்றார்.

"தெனமும் காட்டறனுங்க."

"அப்பறம் எப்பிடிங்க இந்தளவுக்கு வந்துச்சு?" என்று என் முகத்தைப் பார்த்தார். சுண்ணாம்புச் சத்து மருந்து எழுதிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து இதையேதான் யோசிக்கிறேன். பவுடர் சரியாகப் போடுகிறேன். ரசாக்கின் பூச்சிகள் நல்லவை, அவற்றுக்கு முருங்கைக் கீரையும் போடுகிறேன். வெயிலும் ஒரு நாள் தவறவில்லை. வெயிலில் வைப்பதைக்கூட எவ்வளவு எச்சரிக்கையாகச் செய்கிறேன் என்று உனக்குத் தெரியாது. மாடிக்கு மயில்கள் வருகின்றன. உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று இதை எழுதவில்லை. குளத்துப் பக்கமிருந்து வந்து கைப்பிடிச் சுவரில் உட்காரும். ஓணானை ஒரே கொத்தில் விழுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். கூண்டின் வலை அந்த அலகுக்கு எம்மாத்திரம்? முருகனின் வாகனத்தின் மேல் கல்லெறிய எனக்குக் கை எழாது. அதனால் முதல் நாளே, கார் நிறுத்துமிடத்துக்குக் கூரை போட்டதில் மிஞ்சிய பிளாஸ்டிக் கண்ணாடித் தகடுகளை வெட்டி, கூண்டின் மேலும் நாலு பக்கமும் வைத்துக் கட்டிவிட்டேன். காற்றுக்கு மட்டும் இடைவெளி. நல்ல தெளிவான தகடு, வெயில் அப்படியே உள்ளே விழுகிறது. அந்த ஒரு விஷயத்திலாவது நான் தவறவில்லை என்று நினைக்கிறேன்.

மதன் இன்று அரை நாள் லீவு போட்டு இதைக் கொண்டுவருகிறான். நீ எழுதுவது எதுவானாலும் அவனிடமே கொடுத்தனுப்பு.

மாமா


காரமடை
5 மார்ச் 2025, மாலை

மாமா,

முதலில் மாடிக்குப் போய் அந்தத் தகடுகளை அவிழ்த்து எறியுங்கள். மீதியை வந்து படியுங்கள்.

அவிழ்த்துவிட்டீர்களா? அந்தத் தகடு வழியாக வெளிச்சம் வரும், சூடு வரும். எலும்புக்கு வேண்டிய கதிர் வராது. கூரைக்கு அடியில் இருக்கும் காரின் பெயிண்ட் வெளுக்காமல் இருப்பதற்காகவே அந்தக் கதிரைத் தடுக்கும்படி செய்கிறார்கள். ஜன்னல் கண்ணாடியும் அப்படித்தான். டியூப் போன நாளிலிருந்து துரை மேல் உண்மையான வெயில் ஒரு நாள்கூடப் படவில்லை.

உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. மயில் வருகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால் தகட்டையும் எழுதியிருப்பீர்கள், அன்றைக்கே நான் சொல்லியிருப்பேன். எனக்குக் கோபம்தான். பேனா அழுந்துவதிலிருந்தே தெரிந்திருக்கும். ஆனால் இன்று நீங்கள் எழுதிய மாதிரி யாரும் எனக்கு இந்த ஒன்றரை மாதத்தில் எதையும் சொல்லவில்லை.

இனிச் செய்ய வேண்டியது. கிளைகளை எல்லாம் தாழ்த்திக் கட்டுங்கள், தரையில் மெத்தென்று துண்டு விரியுங்கள். அவனை இடுப்பில் பிடிக்காதீர்கள், கிளையிலிருந்து பிய்த்து இழுக்காதீர்கள். கையை முன்னால் நீட்டுங்கள், அவனாக ஏறட்டும். டாக்டரிடம் தகட்டைப் பற்றிச் சொல்லுங்கள். வெயிலில் வைத்தால் யாராவது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

பயமாக இருக்கிறது, மாமா. ஆனால் எதற்குப் பயப்படுகிறேன் என்று இப்போது தெரிகிறது.

அம்மா, "ஏனுங் மாப்ள, பொதங்கெழமை வந்திருக்கீங்க?" என்றதற்கு உங்கள் மகன் "சும்மா பாத்துட்டுப் போலாம்னுங்" என்கிறார். அம்மாவுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

பிரவீனா


சிங்காநல்லூர்
15 மார்ச் 2025

அன்புள்ள பிரவீனாவுக்கு,

தகடுகளை அன்றே எடுத்துவிட்டேன். எடுக்கும்போது கயிற்று முடிச்சுகளை அவிழ்க்க முடியவில்லை, அவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருந்தேன். அரிவாள்மணையைக் கொண்டுவந்து அறுத்தேன்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். "நீங்க கேக்கலீங்களே" என்றேன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. மில்லில் எதைச் சோதிக்கும்போதும் நூலுக்கும் கருவிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கை வைத்ததில்லை. வெயிலுக்கும் அவனுக்கும் நடுவில் நானே ஒன்றைக் கட்டிவைத்துவிட்டு, வெயிலில் வைத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது காலையில் நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்காருகிறேன். தகடு இருந்த நாட்களில் கூண்டை வைத்துவிட்டுக் கீழே போய்ப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை மயில் வந்தது. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துக் கூண்டைப் பார்த்தது. துரை அசையவில்லை. நான் கையில் வைத்திருந்த குடையை அதன் முகத்துக்கு நேராகப் பட்டென்று விரித்தேன். பறந்துவிட்டது. கதிர்வேல் அவர் மாடியிலிருந்து, "முருகனையே முடுக்கிப்போட்டீங்களேய்யா" என்று சிரித்தார்.

ரசாக் புது டியூப்பைக் கொண்டுவந்து மாட்டினார். மருந்தைச் சொட்டு சொட்டாகக் கொடுக்கிறேன். அவன் கோபத்தில் வாயைத் திறக்கும்போதுதான் கொடுக்க முடிகிறது. இப்போதெல்லாம் கோபமும் குறைந்துவிட்டது. அதுதான் எனக்குப் பயம்.

முன்னேற்றம் என்று எழுத ஒன்றுமில்லை. நேற்று பகலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பகலில் கண்ணை மூடுவது நல்லதில்லை என்று டாக்டர் சொன்னார். இதை எழுதும்முன் பேனாவை இரண்டு தடவை மூடி வைத்தேன்.

மாமா


காரமடை
16 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நல்லதில்லைதான். தண்ணீர் குறைந்தாலும் கண்ணை மூடுவான். இலைகள் மேல் அடிக்கடி தண்ணீர் தெளியுங்கள், சொட்டும்போது நக்கிக் குடிக்கிறானா பாருங்கள். பதற்றத்தில் சிவப்பு மூடி டப்பாவைக் கூட்டிவிடாதீர்கள், அது மிஞ்சினாலும் விஷம். வளைந்த எலும்பு இனி நிமிராது. மேலும் வளையாமல் நிறுத்த முடிந்தாலே போதும். நாம் அதற்கு மட்டும்தான் ஆசைப்பட வேண்டும்.

உங்கள் கடிதத்தை அம்மா தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துப் படித்துவிட்டாள். "உன்ற மாமனாரு ஓணானுக்குக் கொடை புடிச்சுட்டு உக்காந்திருக்காராமா?" என்று சிரித்தாள். சமையலறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, "பகல்ல கண்ணு மூடுனா ஆவாதாமா?" என்றாள். இன்று காலை காபி கொடுக்கும்போது, "அது கண்ணைத் தொறந்துச்சான்னு சம்பந்திகிட்டப் போன் போட்டுக் கேக்கட்டுமா?" என்று பீரோ சாவியைத் தேடினாள்.

கண்ணைத் திறந்தானாமே. மதன் உங்களுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னார். அவர் சொல்வதை மட்டும் நம்ப மாட்டேன், நீங்களும் எழுத வேண்டும்.

பிரவீனா


சிங்காநல்லூர்
5 ஏப்ரல் 2025

அன்புள்ள பிரவீனாவுக்கு,

கண்ணைத் திறந்தது உண்மைதான். தண்ணீர் தெளித்த பிறகு திறந்தான். அதன்பின் இரண்டு வாரம் பெரிய மாற்றம் இல்லாமல் போயிற்று. நீ எழுதச் சொல்லியும், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லாததால் மதனிடம் வாய்வழியாகவே சொல்லியனுப்பினேன்.

உன்னைத் திங்கட்கிழமை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள் என்றும், நாள் இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், பிரசவத்தை முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்று சொல்கிறார்கள் என்றும் மதன் சொன்னான். சொல்லிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தான். "அப்பா, இந்த ஒரு கடுதாசி மட்டும் நல்லபடியா எழுதிருங்க. கையெடுத்துக் கும்புடறேன்" என்றான். அவன் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

துரை இன்று காலை கிளையிலிருந்து விழுந்தான். தாழ்வான கிளைதான், கீழே துண்டும் இருந்தது. ஆனாலும் பின்கால் ஒன்றைத் தூக்கியே வைத்திருக்கிறான். முறிவா, சுளுக்கா என்று தெரியவில்லை. இரண்டு நாளாகச் சாப்பிடவும் இல்லை. டாக்டரிடம் ஓடினேன். தாடையை விரலால் அழுத்திப் பார்த்தார். நான் அவர் விரலைப் பார்க்காமல் சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கெட்டியாத்தான் இருக்குதுங்க. வெள்ளிக்கெழம மறுபடி படம் எடுத்துப் பாத்துருவம்" என்றார். படத்தில் முதலில் இருந்ததைவிட மோசமாக இருந்தால் அவர் அன்று சொன்ன அந்த முடிவைப் பேச வேண்டியிருக்கும். அதையும் அவரே சொன்னார்.

இதை எழுதும்போது உன் ரத்த அழுத்தத்தை நினைத்துப் பயப்படுகிறேன். எழுதாமல் விட்டால் நீ எதையெல்லாம் நினைத்துக்கொள்வாய் என்பதற்கும் பயப்படுகிறேன். இரண்டில் எது பெரியது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. மதனிடம், சொன்னபடி எழுதவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் உறையை ஒட்டுகிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் அவன் விருப்பம்.

மாமா


சிங்காநல்லூர்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள பிரவீனாவுக்கு,

பெண் குழந்தை என்று மதன் வியாழக்கிழமை போன் செய்தான். எடை குறைவு, ஆனால் நன்றாக அழுகிறாள் என்றான். கேட்டதும் "சரிப்பா, வெச்சிரட்டுமா" என்று சொல்லிவிட்டேன். நீ நன்றாக இருக்கிறாய் என்றும் சொன்னான். கடிதத்தை உன்னிடம் கொடுத்துவிட்டதாகவும் சொன்னான்.

நேற்று டாக்டர் படம் எடுத்தார். பின்காலில் முறிவு இல்லை, சுளுக்குதான். இடது கையைக் காட்டி, "எலும்புல சத்து ஏறியிருக்குதுங்கய்யா, தெரியுதுங்களா?" என்றார். தெரிகிறது என்றேன். வீட்டுக்கு வந்து இரண்டு படங்களையும் ஜன்னலில் வைத்து மாறி மாறிப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரிகிறது. ஆனால் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவதால் தெரிகிறதோ என்று சந்தேகம் வந்துவிட்டது. டாக்டரும் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்லியிருக்கலாம்.

அதனால் இரண்டு படத்தையும் உனக்கு அனுப்புகிறேன். தேதியைக் கறுப்புத் தாள் ஒட்டி மறைத்திருக்கிறேன். அவன் இந்த ஒரு மாதத்தில் வளர்ந்திருப்பதால் உடம்பின் அளவை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே இடது முன்கையின் நடுப்பகுதி மட்டும் தெரியும்படி மீதியையும் மூடியிருக்கிறேன். ஒன்றில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், இன்னொன்றில் வெள்ளை. எது முதலில் எடுத்தது, எது நேற்று எடுத்தது என்று நான் எழுதவில்லை. மதனுக்கும் தெரியாது. தாளைப் பிரிக்காமல் பார். எதில் எலும்பு தெரிகிறது என்று மட்டும் சொல். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் அதையும் சொல்.

இன்று ஒரு பூச்சி சாப்பிட்டான். ஒன்றுதான்.

மாமா


கோயம்புத்தூர், மருத்துவமனை
13 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் போன கடிதத்தை மதன் என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அதைப் படித்துவிட்டுத்தான் பிரசவ அறைக்குப் போனேன். நல்லபடியாக எழுதியிருந்தால் ஒரு வரியும் நம்பியிருக்க மாட்டேன்.

படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளை நூல் கட்டியதில் எலும்புக்கு இரண்டு பக்கமும் ஓரம் இருக்கிறது. வளைவு அப்படியேதான் இருக்கிறது, ஆனால் கோடு தெளிவாக இருக்கிறது. சிவப்பு நூலில் ஓரமே இல்லை. எனக்கும் ஆசையில் தெரிகிறதோ என்று, ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இந்த வெள்ள நூலுதுல எலும்பு தெரியுது, சேப்பு நூலுதுல பொகையாட்டம் இருக்குது. இது யாருதுடி, பாப்பாளுதா?" என்று பதறினாள். துரையுடையது என்றதும் அவளுக்கு வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே.

வெள்ளைதான் நேற்று முன்தினம் எடுத்ததா?

நான் நன்றாக இருப்பதாக மதன் உங்களிடம் சொல்லியிருப்பார். பாப்பா நன்றாக இருக்கிறாள். எனக்குப் பிரஷர் இன்னும் இறங்கவில்லை, மாமா. கண் முன்னால் அவ்வப்போது மின்னுகிறது. மருந்து ஏற்றுகிறார்கள், இரண்டு நாள் கவனித்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது. உங்களிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதினேன்.

பிரவீனா


சிங்காநல்லூர்
13 ஏப்ரல் 2025

அம்மணி,

வெள்ளைதான்.

நீ எழுதிய மற்றதையும் படித்தேன். நாளை சித்திரை ஒன்று. காலையில் துரைக்கு வெயில் காட்டிவிட்டு மருத்துவமனைக்கு வருகிறேன். உள்ளே விட மாட்டார்கள் என்று மதன் சொல்கிறான். உன் அறைக்கு வெளியே நாற்காலி இருக்குமல்லவா, அதில் உட்கார்ந்திருக்கிறேன். மருந்து ஏற்றும்போதெல்லாம் ரத்த அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வெளியே கொடுத்தனுப்பு. கூடியிருந்தாலும் எழுது.

மாமா